ஜெர்மனியில் மாணவர் விடுதியும் மென்சாவும்: ஸ்டுடீரெண்டன்வெர்க் சேவை எப்படி?

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குச் செல்லும் நம் மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் பெயர், பாடத்திட்டம், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ், விசா ஆகியவற்றைப் பற்றி விசாரிக்கும் அளவில் பாதிகூட, போய் இறங்கிய பிறகு எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, கையிலோ மனத்திலோ நெருக்கடி வந்தால் யாரிடம் போவது என்பதைப் பற்றி விசாரிப்பதில்லை. இந்த மூன்று கேள்விகளுக்கும் அந்நாட்டில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விடை கிடைக்கிறது. ஸ்டுடீரெண்டன்வெர்க் என்று அழைக்கப்படும் மாணவர் நல அமைப்பே அது. முதுநிலைப் படிப்பு முடியும்வரை அதன் விடுதியில் குடியிருந்து, அதன் உணவகத்தில் சாப்பிட்டவன் என்ற முறையில் என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வரும் வெளிநாட்டு மாணவருக்கு அங்கே கிடைக்கும் சேவைகளில், கொடுக்கும் காசுக்கு மேல் பயன் தருவது இதுதான். ஆனால் அது யாரையும் தேடி வராது. தன் வேலை நேரத்தையும் விதிகளையும் யாருக்காகவும் மாற்றிக்கொள்ளாது. அந்த ஒழுங்குக்குத் தம்மைப் பொருத்திக்கொள்பவருக்குப் பெரும் துணையாக இருக்கும் அதே சேவை, பொருத்திக்கொள்ளாதவருக்கு முதல் செமஸ்டர் முழுவதும் அலைச்சலாகிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இந்த அமைப்பு பல்கலைக்கழகத்தின் ஒரு துறை அன்று. நாடு முழுவதும் 57 ஸ்டுடீரெண்டன்வெர்க்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நகரத்தையோ வட்டாரத்தையோ கவனித்துக்கொள்கிறது. ஒரே அமைப்பு பல பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்குச் சேவை செய்வதும் உண்டு. லாப நோக்கில்லாமல் நடக்கும் இவற்றுக்கு மாநிலச் சட்டங்களே அடிப்படை. முதல் உலகப் போருக்குப் பிறகு பசியாலும் வறுமையாலும் வாடிய மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் கொடுக்க ஆங்காங்கே தொடங்கப்பட்ட தன்னுதவி முயற்சிகள் 1921-இல் ஒரு தேசிய அமைப்பாக ஒன்றிணைந்தன. இன்றைய கூட்டமைப்பு தன் வயதை அந்த ஆண்டிலிருந்துதான் கணக்கிடுகிறது. பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி அறை கேட்டுவிட்டுப் பதிலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும் மாணவர்கள் பலர். அறை கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலான இடங்களில் அந்த அலுவலகத்திடம் இல்லை. தனியாக, ஸ்டுடீரெண்டன்வெர்க்கின் இணையதளத்தில், அதற்குரிய விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும்.

இந்தச் சேவைக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017-ஆம் ஆண்டின் குளிர்காலச் செமஸ்டரிலிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அண்மையில் அத்தகைய மாணவர்களுக்குக் கட்டணம் விதிக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் கட்டணம் இல்லாத இடத்திலும் செமஸ்டர் பங்களிப்பு என்ற ஒரு தொகை உண்டு. நகரத்தைப் பொறுத்து 100 யூரோவிலிருந்து 350 யூரோவுக்கு மேலும் போகும் அந்தத் தொகையில் ஒரு பகுதி மாணவர் பேரவைக்கும், பல ஊர்களில் பெரும்பகுதி பேருந்து, ரயில் பயணச் சீட்டுக்கும், மீதியில் ஒரு பங்கு ஸ்டுடீரெண்டன்வெர்க்குக்கும் போகிறது. விடுதியில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தப் பங்கைக் கட்டியே ஆக வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு அதன் உணவகத்தையும் ஆலோசனைப் பிரிவையும் எட்டிப் பார்க்காமலே படிப்பை முடித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

இனி விடுதிக்கு வருவோம். இந்தச் சேவையின் முதுகெலும்பும், அதன் மீதான புகார்களில் முக்கால்வாசிக்குக் காரணமும் அதுதான். எல்லா ஸ்டுடீரெண்டன்வெர்க்குகளும் சேர்ந்து ஏறத்தாழ 2 லட்சம் இடங்களை வைத்திருக்கின்றன. நாட்டில் படிக்கும் மாணவர்களோ 28 லட்சத்துக்கும் மேல். பத்தில் ஒருவருக்குக்கூட இடம் இல்லை என்ற இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், காத்திருப்போர் பட்டியலைக் கண்டு கோபம் வராது. மியூனிக், பிராங்பர்ட், ஹாம்பர்க், பெர்லின் போன்ற பெருநகரங்களில் செமஸ்டர் கணக்கில் காத்திருக்க நேரும். கெம்னிட்ஸ், மாக்டெபுர்க், இல்மெனாவ் போன்ற ஊர்களில் நிலைமை எவ்வளவோ மேல். இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்து எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பவர்கள் பாடத்திட்டத்தை ஒப்பிடுவதோடு அந்த ஊரின் விடுதி நிலவரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். வந்து இறங்கி, தற்காலிக அறைகளில் பெட்டியோடு மாறிக்கொண்டே தேர்வுக்குப் படித்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

விண்ணப்பிக்கும் முறை எளிதுதான்; கவனிக்க வேண்டியது நேரத்தை. சில அமைப்புகள் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வருவதற்கு முன்பே விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்கின்றன. சில, கடிதத்தைப் பார்த்த பிறகே வரிசையில் சேர்க்கின்றன. எப்படியானாலும் வரிசை என்பது விண்ணப்பித்த நாளிலிருந்து தொடங்குவதால், விசா கையில் வரட்டும் என்று காத்திருப்பதில் எந்தப் பொருளும் இல்லை. பல ஊர்களில், விண்ணப்பத்தில் ஆர்வம் இன்னும் இருக்கிறது என்று குறிப்பிட்ட இடைவெளியில் உறுதிசெய்ய வேண்டும். மின்னஞ்சலில் வரும் அந்த இணைப்பைச் சொடுக்கத் தவறினால் விண்ணப்பம் சத்தமில்லாமல் நீக்கப்பட்டுவிடும். அறை ஒதுக்கீட்டு மின்னஞ்சலுக்கும் சில நாட்களே கெடு. ஆகவே குப்பை அஞ்சல் பெட்டியையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விருப்பப் பட்டியலில் ஒரே ஒரு விடுதியை மட்டும், அதுவும் பல்கலைக்கழக வாசலில் இருப்பதை மட்டும் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. டிராம் ஏறி அரை மணி நேரம் போனால் கிடைக்கும் விடுதியையும் சேர்த்துக் குறிப்பவருக்கே முதலில் அறை வருகிறது. பயணச் சீட்டுத்தான் செமஸ்டர் பங்களிப்போடு வந்துவிடுகிறதே.

வாடகையைப் பொறுத்தவரை இந்தச் சேவைக்குப் போட்டியே கிடையாது என்று துணிந்து சொல்லலாம். ஊரையும் அறையின் வகையையும் பொறுத்து மாதம் 250 முதல் 400 யூரோ வரை ஆகும். புதிய தனி அடுக்ககங்களில் சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். இந்தத் தொகைக்குள் வெப்பமூட்டல், தண்ணீர், மின்சாரம், பெரும்பாலும் இணையம் எல்லாம் அடங்கிவிடும். தனியார் வீடுகளில் விளம்பரத்தில் போடும் வாடகை வேறு, வெப்பமும் இதர செலவுகளும் சேர்ந்த வாடகை வேறு. ஆண்டு முடிவில் வெப்பச் செலவு கூடிப்போய்விட்டது என்று ஒரு பெரிய ரசீது வரும் அபாயமும் உண்டு. மியூனிக்கில் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கே 700 யூரோவுக்கு மேல் போய்விடுகிறது. விசாவுக்காக, மாதாமாதம் குறித்த அளவு மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் வைக்கச் சொல்லும் தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992 யூரோ. அதில் 300 யூரோ வாடகைக்குப் போவதற்கும் 700 யூரோ போவதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான், படிப்பில் கவனம் செலுத்தும் வாழ்க்கையும் இரவெல்லாம் கிடங்கில் பெட்டி அடுக்கும் வாழ்க்கையும் பிரிகின்றன.

அறைகளில் பொதுவாக மூன்று வகை உண்டு. நீண்ட தாழ்வாரத்தில் வரிசையாகத் தனி அறைகளும், எல்லாருக்கும் பொதுவான சமையலறையும், சில இடங்களில் பொதுவான குளியலறையும் இருப்பது ஒரு வகை. மூன்று நான்கு பேர் ஒரே வீட்டைப் பகிர்ந்துகொண்டு ஆளுக்கோர் அறையில் இருப்பது இரண்டாம் வகை. சமையல் மேடையும் குளியலறையும் உள்ளேயே அமைந்த தனி அறை மூன்றாம் வகை. நம்மவர்கள் மூன்றாவதைத்தான் கேட்கிறார்கள். என் பரிந்துரை, முதல் ஆண்டுக்கு முதல் இரண்டில் ஒன்று. தனி அறைக்கு வாடகையும் அதிகம், காத்திருப்பும் அதிகம் என்பது ஒருபுறம் இருக்க, புது ஊரில் முதல் குளிர்காலத்தை ஒரு சின்ன அறையில் யாரிடமும் பேசாமல் கழிப்பது எளிதன்று. நவம்பர் கடைசியில் மாலை நான்கரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில், சமையலறையில் விளக்கு எரிவதும் உள்ளே யாரோ பாத்திரம் உருட்டுவதும் சாதாரண விஷயமல்ல. எந்த மருத்துவரிடம் போகலாம், எந்தப் பேராசிரியரின் தேர்வு எப்படி இருக்கும், எந்த அலுவலகத்தில் வரிசை எப்படி என்ற செய்திகள் எல்லாம் அந்த அடுப்பருகில்தான் முதலில் கிடைக்கின்றன.

அந்தச் சமையலறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆளுக்கொரு பூட்டுப் போட்ட அலமாரியும், குளிர்பதனப் பெட்டியில் ஒரு தட்டும் ஒதுக்கப்பட்டிருக்கும். அடுப்பு மின்சாரத் தட்டு. வட்டமாகக் கறுத்த அந்த இரும்பு சூடேற நேரம் எடுக்கும், அணைத்த பிறகும் நெடுநேரம் சூட்டை விடாது. கனமான அடிப்பாகம் கொண்ட தட்டையான பாத்திரம் இருந்தால்தான் அதில் சோறு ஒழுங்காக வேகும். குழிந்த வாணலி ஆடிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் விட முக்கியம், கூரையில் இருக்கும் புகை உணரி. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காய்ந்த மிளகாயைத் தாளித்தால், நெடியும் புகையும் தாழ்வாரத்துக்குப் போய் அங்குள்ள உணரி அலறத் தொடங்கிவிடும். சில கட்டடங்களில் அது நேரே தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். வண்டி வந்துவிட்டால் அதற்கான செலவை அலட்சியமாக இருந்தவர் தலையிலேயே கட்ட விடுதி நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. சமையலறைக் கதவை மூடி, சன்னலை அகலத் திறந்து, புகைபோக்கியை ஓடவிட்ட பிறகே எண்ணெயைக் காய வைக்க வேண்டும் என்பதை அங்கே இருக்கும் மூத்த மாணவர்கள் ஒரு சட்டம்போலவே சொல்லிக்கொடுப்பார்கள்.

துப்புரவு முறைப்பட்டியல் ஒன்று சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும். அதில் நம் பெயர் இருக்கும் வாரத்தில் அடுப்பைத் துடைத்து, குப்பையை இறக்கிவிட வேண்டும். காகிதம் ஒரு தொட்டி, பொதியுறைகள் மஞ்சள் தொட்டி, காய்கறிக் கழிவு ஒரு தொட்டி, மற்றவை ஒரு தொட்டி. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை சத்தம் கூடாது.

வந்து இறங்கும் நாளில் இந்தச் சேவையின் இறுக்கம் முழுவதுமாகத் தெரிந்துவிடும். ஒப்பந்தம் பெரும்பாலும் மாதத்தின் முதல் தேதியில் தொடங்கும். சாவியை ஹவுஸ்மைஸ்டர் எனப்படும் கட்டடப் பொறுப்பாளர் கொடுப்பார். அவர் வார நாட்களில், குறித்த சில மணி நேரம் மட்டுமே அலுவலகத்தில் இருப்பார். வெள்ளி இரவு பிராங்பர்ட்டில் இறங்கி ரயில் பிடித்து நள்ளிரவில் விடுதி வாசலுக்கு வருபவருக்குத் திங்கள் காலைவரை சாவி கிடைக்காது. அக்டோபர் 3 போன்ற பொது விடுமுறை இடையில் வந்தால் இன்னும் தள்ளிப்போகும். விமானச் சீட்டைப் பதிவு செய்யும்போதே திங்கள் முதல் வியாழன் வரையான ஒரு நாளில், முற்பகலில் ஊர் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி. முடியாதென்றால், முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஏற்கெனவே அங்கே இருக்கும் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்துச் சாவியை வாங்கிவைக்கச் சொல்லலாம். பல விடுதிகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. மேசை, நாற்காலி, அலமாரி, கட்டில், மெத்தை எல்லாம் இருக்கும் அறையில் தலையணை, போர்வை, விரிப்பு ஆகியவை பொதுவாக இருப்பதில்லை. முதல் இரவுக்கு ஒரு மெல்லிய போர்வையாவது பெட்டியில் இருப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும் நாடு அது.

சாவியோடு இரண்டு தாள்கள் கிடைக்கும், இரண்டும் முக்கியம். ஒன்று, அறை ஒப்படைப்புப் படிவம். சுவரில் இருக்கும் கறை, தரையில் இருக்கும் கீறல், சன்னல் பிடியின் ஆட்டம் என்று கண்ணில் பட்ட குறைகளை எல்லாம் அதில் எழுதச் சொல்லிப் படமும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று, வீட்டு உரிமையாளர் உறுதிக் கடிதம். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதிவுக்கு இந்தக் கடிதம் கட்டாயம். தனியார் வீடுகளில், குறிப்பாக உள்வாடகைக்கு எடுக்கும் அறைகளில், இந்தக் கடிதத்தைக் கொடுக்க மறுப்பவர்கள் உண்டு. முகவரிப் பதிவு இல்லாமல் வங்கிக் கணக்கு, வரி எண், குடியிருப்பு அனுமதி எதுவும் நகராது. விடுதியில் கேட்காமலே கையில் கொடுக்கிறார்கள். இந்த ஒரு தாளுக்காகவே விடுதியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன்.

இதனோடு சேர்ந்த ஒரு சின்ன விஷயம்: கீழே வாசலில் இருக்கும் அஞ்சல் பெட்டியில் நம் பெயரை, கடவுச்சீட்டில் உள்ளபடியே, அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும். ஜெர்மானிய அஞ்சல்காரர் அறை எண்ணைப் பார்ப்பதைவிடப் பெட்டியில் இருக்கும் பெயரைத்தான் பார்க்கிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நம்மவர்களுக்கு, கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக எது அச்சாகியிருக்கிறதோ அந்தப் பெயரில்தான் எல்லாக் கடிதங்களும் வரும். நண்பர்கள் அழைக்கும் பெயரைப் பெட்டியில் ஒட்டிவிட்டு, வங்கி அட்டையும் அதன் ரகசிய எண்ணும் வரி எண்ணும் ஏன் வரவில்லை என்று தேடுவது அங்கே வழக்கமாகக் கேட்கும் கதை.

அடுத்தது மென்சா, அதாவது மாணவர் உணவகம். மாணவர், பணியாளர், விருந்தினர் என்று மூன்று விலைகள் பலகையில் போட்டிருக்கும். மாணவர் அட்டையைக் காட்டினால், அல்லது அதிலேயே பணம் ஏற்றித் தேய்த்தால், 2 யூரோவிலிருந்து 5 யூரோவுக்குள் மதிய உணவு முடிந்துவிடும். வெளியில் ஒரு சாதாரண உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட அதைப்போல மூன்று மடங்கு ஆகலாம். சைவ உணவுக்காரர்களுக்கு ஜெர்மனியில் சாப்பாடு கிடைக்காது என்ற பழைய பயத்துக்கு இங்கே இடமில்லை. எல்லா மென்சாக்களிலும் சைவத் தட்டு உண்டு. பால்கூடச் சேராத வீகன் தட்டும் பரவலாகிவிட்டது. பெர்லினில் 2021 அக்டோபரில் பட்டியலையே மாற்றி, இறைச்சியையும் மீனையும் மிகச் சிறிய பங்காகக் குறைத்துவிட்டார்கள். பட்டியலில் ஒவ்வோர் உணவுக்கும் கீழே சிறு எண்களும் எழுத்துகளும் இருக்கும். பன்றி இறைச்சி, மாட்டிறைச்சி, மது, முட்டை, கோதுமை என்று எது சேர்ந்திருக்கிறது என்பதை அவை சொல்லும். விலக்க வேண்டியதை விலக்குகிறவர்கள் அந்தக் குறிப்பைப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். மேலே பார்த்தால் காளான் குழம்பாகத் தெரிவதில் மாட்டு ஜெலட்டினோ ஒயினோ இருக்கக்கூடும்.

சுவை? வயிறு நிறையும்; நாக்கு நிறையாது. உருளைக்கிழங்கு, நூடுல்ஸ், வெள்ளைக் குழம்பு, வேகவைத்த காய் என்று வாரம் சுழன்று வரும். கறி என்று பெயர் போட்டு மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பால் குழம்பு வரும் நாளில் எதிர்பார்ப்போடு வரிசையில் நிற்பவர்களை நான் எச்சரிக்கத்தான் செய்வேன். ஆனால் வகுப்புக்கும் ஆய்வகத்துக்கும் இடையில் ஒரு மணி நேரத்தில் சூடான சாப்பாடு, சாலட், உட்கார இடம், கூடவே மற்ற மாணவர்களோடு பேச வாய்ப்பு என்று பார்த்தால், இந்த விலைக்கு இதைவிட எதிர்பார்ப்பது நியாயமல்ல. உண்மையான குறை நேரம்தான்: பெரும்பாலான மென்சாக்கள் பதினொன்றரை மணி முதல் இரண்டு, இரண்டரை மணி வரைதான் மதிய உணவு கொடுக்கும். இரவு உணவு சில இடங்களில் மட்டும். ஞாயிறு எங்கும் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். செமஸ்டர் விடுமுறையில் சில கிளைகள் மூடியே கிடக்கும். சமைக்கத் தெரியாமல் மென்சாவை மட்டும் நம்பி வருவது நடக்காத காரியம்.

இந்தச் சேவையில் மிக நன்றாக இருப்பதும் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் ஆலோசனைப் பிரிவுகள். சமூக ஆலோசனை, மனநல ஆலோசனை என்று இரண்டு தனித்தனிப் பிரிவுகள் பெரும்பாலான ஊர்களில் உண்டு; கட்டணம் இல்லை, அல்லது பெயரளவுக்கு; பல இடங்களில் ஆங்கிலத்தில் பேசலாம். வேலை அனுமதி பற்றிய விதி ஒன்று போதும், சமூக ஆலோசகரின் பயனைக் காட்ட. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்களோ 280 அரை நாட்களோ வேலை செய்யலாம் என்று 2024 மார்ச்சில் விதி மாறியது. அதற்கு முன்பு அது 120-உம் 240-உம். நண்பர்கள் இன்றும் பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். எந்த வேலை இந்தக் கணக்கில் சேரும், பல்கலைக்கழகத்திலேயே மாணவ உதவியாளராகச் செய்யும் வேலை எப்படிக் கணக்கிடப்படும், விடுமுறையில் கூடுதல் நேரம் வேலை செய்தால் மருத்துவக் காப்பீட்டில் என்ன மாறும் என்பதையெல்லாம் அவர் தாளில் எழுதியே விளக்கிவிடுவார். எதிர்பாராத பண நெருக்கடியில் உதவித்தொகையோ வட்டியில்லாக் கடனோ கொடுக்கும் நிதிகள் சில ஊர்களில் உள்ளன. அவற்றுக்கான வழியும் அவரிடம்தான் தெரியும்.

மனநல ஆலோசனைக்குப் போக நம் மாணவர்கள் தயங்குவதற்கு வெட்கம் ஒரு காரணமென்றால், பயம் இன்னொரு காரணம். பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்துவிடுமோ, விசா அலுவலகத்துக்குப் போய்விடுமோ என்று தயங்குகிறார்கள். அங்கே பேசுவது எதுவும் வெளியில் போகாது. அந்த ஆலோசகர்கள் ரகசியம் காக்கச் சட்டப்படி கட்டுப்பட்டவர்கள். தேர்வில் தோற்பது, அதுவும் ஒரே பாடத்தில் அனுமதிக்கப்பட்ட எல்லா முயற்சியிலும் தோற்றால் அந்தப் படிப்பையே தொடர முடியாது என்ற விதியின் அழுத்தம், வீட்டில் வாங்கிய கல்விக் கடனின் நினைப்பு, வீட்டாரிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் ஆகியவற்றை எல்லாம் ஓர் அந்நியரிடம் சொல்வது எளிதாகவே இருக்கும். முதல் சந்திப்புக்குச் சில வாரங்கள் காத்திருக்க நேரலாம் என்பதால், தாங்க முடியாத கட்டம்வரை தள்ளிப்போடாமல் அக்டோபரிலோ நவம்பரிலோ பதிவு செய்வது நல்லது.

விடுதிகளில் மாணவர்களிலிருந்தே சிலரை வழிகாட்டிகளாக நியமித்திருப்பார்கள். ரயில் நிலையத்துக்கு வந்து அழைத்துப்போவது, நகர அலுவலகத்துக்குக் கூட வருவது, சேர்ந்து சமைக்கும் மாலைகளை நடத்துவது எல்லாம் அவர்கள் வேலை. எந்த வழிகாட்டி வாய்க்கிறார் என்பதைப் பொறுத்து இதன் தரம் வானத்துக்கும் பூமிக்குமாக மாறும். அதிகம் நம்பியிருக்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

குறைகளைச் சொல்லாவிட்டால் மதிப்பீடு முழுமையாகாது. முதல் குறை மொழி. இணையதளம் ஆங்கிலத்தில் இருக்கும். ஒப்பந்தமோ, அதனோடு வரும் விடுதி விதிகளோ, எச்சரிக்கைக் கடிதங்களோ ஜெர்மனில் இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பு இணைத்திருந்தாலும் சட்டப்படி செல்லுபடியாவது ஜெர்மன் வடிவம்தான். உலகெங்குமிருந்து மாணவர்களை அழைக்கும் ஒரு நாட்டில், இந்திய மாணவர்களே வெளிநாட்டவரில் மிகப் பெரிய குழுவாகிவிட்ட காலத்தில், இது சரியல்ல. இரண்டாவது, கட்டடங்களின் வயது. 1960-களிலும் 70-களிலும் கட்டிய விடுதிகள் ஏராளம். அவற்றில் மெல்லிய சுவர்களும் ஒற்றைக் குளியலறையும் பழைய குழாய்களும் இருக்கும். பழுதுபார்க்க ஒரு கட்டடத்தை மூடினால் அந்த இடங்கள் ஆண்டுக்கணக்கில் குறைந்துவிடும். விதிவிலக்கான அழகும் இல்லாமல் இல்லை. மியூனிக்கில் 1972 ஒலிம்பிக்கின்போது வீராங்கனைகள் தங்கிய குடியிருப்பு இன்று மாணவர் விடுதி. பழையவற்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு வீடுகளின் முகப்பில் குடியிருக்கும் மாணவர்களே தங்கள் விருப்பப்படி ஓவியம் தீட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது குறையைக் குறை என்பதா, சட்டத்தின் விசித்திரம் என்பதா என்று தெரியவில்லை. பொது ஒளிபரப்புக்காக ஒவ்வொரு குடியிருப்பும் மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். தொலைக்காட்சியே இல்லாவிட்டாலும் விலக்கு இல்லை. ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் நால்வர் சேர்ந்து ஒரு கட்டணம் கட்டினால் போதும். ஆனால் பொதுத் தாழ்வாரத்தில் திறக்கும் விடுதி அறை ஒவ்வொன்றும் தனிக் குடியிருப்பாகக் கருதப்படுவதால், அதில் இருப்பவர் முழுத் தொகையையும் தனியாகக் கட்ட வேண்டும். முகவரியைப் பதிவு செய்த சில வாரங்களில் அந்தக் கடிதம் வரும். அதை விளம்பரம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டால் நிலுவையும் அபராதமும் சேர்ந்துகொண்டே போகும். வாடகையை ஒப்பிடும்போது இந்தத் தொகையையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அறை கிடைக்காதவர்கள் தனியார் சந்தைக்குப் போகும்போது அங்கே காத்திருக்கும் மோசடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதாகவும், முன்பணத்தை அனுப்பினால் சாவியை அஞ்சலில் அனுப்புவதாகவும் வரும் செய்தி எதுவாக இருந்தாலும் பொய் என்றே வைத்துக்கொள்ளலாம். படத்தில் அறை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்பட வேண்டும். ஸ்டுடீரெண்டன்வெர்க்கும் அறையைக் கொடுக்கும் முன் வைப்புத்தொகை கேட்கும். ஆனால் அது ஒப்பந்தத்தோடு, அமைப்பின் பெயரிலேயே உள்ள கணக்குக்குக் கேட்கும். சில ஊர்களில் தனியார் அறைகளைப் பரிந்துரைக்கும் பலகையையும் இந்த அமைப்பே நடத்துகிறது. செமஸ்டர் தொடங்கும் வாரங்களில் பொது அறைகளில் கட்டில் போட்டுத் தற்காலிகமாகத் தங்க இடம் கொடுப்பதும் உண்டு. விளம்பரப்படுத்துவதில்லை, கேட்டால் சொல்வார்கள்.

விடுதியில் எத்தனை காலம் இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஊருக்கு ஊர் மாறும் அந்த வரம்பை ஒப்பந்தத்திலேயே குறித்திருப்பார்கள். காலி செய்ய விரும்புபவர் எத்தனை வாரம் முன்பு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்; செமஸ்டர் முடிவில் மட்டும்தான் காலி செய்யலாம் என்று வைத்திருக்கும் ஊர்களும் உள்ளன. கடைசி நாளில் ஹவுஸ்மைஸ்டர் விளக்கடித்துப் பார்ப்பதுபோல் பார்ப்பார்: அடுப்பின் அடிப்பக்கம், குளியலறை மூலையில் கறுப்புப் பூஞ்சை, சுவரில் ஆணித் துளை. பூஞ்சை பெரும்பாலும் குளிர்காலத்தில் சன்னலைத் திறக்கப் பயந்து மூடியே வைப்பதால் வருவது; நாளுக்கு இரண்டு மூன்று முறை ஐந்து நிமிடம் அகலத் திறந்து மூடினால் வராது. முன்பு சொன்ன ஒப்படைப்புப் படிவமும் படங்களும் அன்றைக்குத்தான் கைகொடுக்கும். வைப்புத்தொகை அன்றே திரும்பாது. கணக்கு முடித்து, வங்கிக்கு வர வாரங்களோ சில மாதங்களோ ஆகும். படிப்பு முடிந்து நாடு திரும்புகிறவர்கள், அந்தப் பணம் வந்து சேரும்வரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால், வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பக் கோரும் படிவத்தைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாளிலேயே கையெழுத்திட்டுக் கொடுத்துவிட வேண்டும்.